பினாங்கில் ஓர் ஆர்ட்டிஸ்ட்

ஓவியம் படிக்கும் மாணவி ஒருவர் எனக்கு எழுதிக் கேட்டது இது: "மலேசிய ஓவிய வரலாற்றைப் படிக்கும்போது தமிழ்ப் பெயர்கள் அரிதாகவே கண்ணில் படுகின்றன. பினாங்கில் நம்மவர்கள் வரையவே இல்லையா? உங்களோடு சேர்ந்து வரைந்தவர்களைப் பற்றிச் சொல்ல முடியுமா?"

வரைந்தார்கள், மகளே. நாள்தோறும் வரைந்தார்கள். ஊரே அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் வரைந்தார்கள். வரைந்ததன் கீழே பெயர் எழுதிக்கொள்ளும் வழக்கம் அவர்களுக்கு இருக்கவில்லை. அப்படிப்பட்ட ஒருவரோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் உட்கார்ந்து வரைந்தவள் நான். அவரைப் பற்றிச் சொன்னால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும். அவர் பெயரை வெளியிடும் உரிமை அவருடைய பிள்ளைகளுடையது. அவர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள். குயின் தெருவும் பசார் தெருவும் அவரை "ஆர்ட்டிஸ்ட்" என்றுதான் கூப்பிட்டன. எனக்கு அவர் அண்ணன்.

1979இல் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்குப் பதினேழு வயது. குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் அப்பா பூமாலைக் கடை வைத்திருந்தார். கடைக்கு முன்னால், காக்கி லீமா என்னும் கூரையிட்ட நடைபாதையின் தூணில் பெயர் எழுத ஆர்ட்டிஸ்ட் வந்தார். கையில் நீண்ட கோல் ஒன்று, அதன் நுனியில் துணிப்பந்து. அந்தக் கோலைத் தூணில் ஊன்றி, மணிக்கட்டை அதன்மேல் வைத்து எழுதத் தொடங்கினார். முதலில் நூலில் சுண்ணாம்புப் பொடி தடவி இழுத்து அடித்துக் கோடு. பிறகு சாக்குக்கட்டியால் எழுத்தின் எலும்பு. அதன்மேல் சிவப்பு எனாமல். தமிழ் எழுத்தில் நேர்கோட்டைவிடச் சுழிதான் அதிகம். தட்டைத் தூரிகை சுழியில் திரும்பும்போது கோட்டின் கனம் மாறிவிடாமல் இருக்க, அதை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே போகவேண்டும். கை ஓரிடத்தில் தயங்கினாலும் பெயின்ட் தடித்து அந்தத் தயக்கம் காலத்துக்கும் தெரியும். அவர் தயங்கவே இல்லை.

"பூமாலை" என்ற சொல்லில் கடைசி எழுத்து வந்தபோது அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். முந்திய ஆண்டுதான் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் வந்திருந்தது. "லை"யைப் புது முறையில் எழுதுவதா, யானைத் துதிக்கை போல மேலே வளையும் பழைய முறையில் எழுதுவதா என்று கேட்டார். "தும்பிக்கை இல்லாமல் மாலையா?" என்றார் அப்பா. ஆர்ட்டிஸ்ட் முகத்தில் வந்த மகிழ்ச்சியை இன்னும் மறக்கவில்லை. அந்தத் தும்பிக்கையை ஒரே இழுப்பில் போட்டார். அன்று சாயங்காலமே அப்பாவின் கணக்கு நோட்டில் அதைப் பத்துப் பக்கம் எழுதிப் பார்த்து அடி வாங்கினேன்.

துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன் அவர். பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு, சீனர் ஒருவரின் பெயர்ப்பலகைப் பட்டறையில் சேர்ந்திருக்கிறார். பலகையில் செதுக்கிய எழுத்துக்குக் கறுப்பு அரக்கு அடிப்பது, ஒட்டெண்ணெய் பாதி காய்ந்த பதத்தில் தங்கத் தாளை வைத்து அழுத்துவது எல்லாம் அங்கே கற்றவை. பினாங்குச் சீனர்களின் ஹொக்கியென் மொழியை நம் வீட்டுத் தமிழ் போலப் பேசுவார். சீன எழுத்து ஒன்றுகூட வாசிக்கத் தெரியாது. ஆனால் பார்த்து எழுதினால் சீனர்களே குறை சொல்லமாட்டார்கள். ரூமி என்னும் ரோமன் எழுத்து, ஜாவி என்னும் அரபு வழி மலாய் எழுத்து, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்தும் ஒரே பலகையில் வருகிற ஊர் இது. நான்குக்கும் அவர் கை வெவ்வேறு வேகத்தில் நகரும். ஓவியக் கல்லூரியில் பிறகு நான் படித்த எந்தப் பாடமும் கோட்டைப் பற்றி இவ்வளவு சொல்லித் தரவில்லை.

தைப்பூசத்துக்கு முந்திய வாரங்களில் அவருக்குத் தூக்கம் கிடையாது. காவடிக்கு மயில், தண்ணீர்ப் பந்தலுக்கு முருகன், பத்தடி உயரப் பதாகைக்கு வள்ளி தெய்வானை. சிறு படத்தில் கட்டம் போட்டு, அதைப் பெரிய துணியில் பெரிய கட்டமாக்கி ஏற்றுவார். வெள்ளி ரதம் பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கிப் போகும் வழியெல்லாம் அவர் முருகன்கள் நின்றுகொண்டிருப்பார்கள். பூசம் முடிந்ததும் துணிகள் சுருட்டப்பட்டு எங்கெங்கோ போகும். மழையில் நனைந்தவை தரை துடைக்கப் போகும். அவர் அதற்காக வருந்திப் பார்த்ததில்லை. நான்தான் வருந்தினேன், இன்றும் வருந்துகிறேன்.

ஆனால் அவர் எனக்கு ஓவியர் ஆனது ஞாயிற்றுக்கிழமைகளில். தம்பியைத் துணைக்கு அனுப்பித்தான் அப்பா என்னை விடுவார். பெங்காலான் வெல்ட் கடற்கரைச் சாலையில், சீனக் குலத்தாரின் படகுத்துறைகளின் மரப்பலகைகள் கடலுக்குள் நீளும் இடத்தில், ஆறரை மணிக்கே அண்ணன் உட்கார்ந்திருப்பார். மடியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வரைதாள், ஒரு மில்க் டின் தண்ணீர், மூன்று தூரிகை, ஆறேழு வண்ணம். கறுப்பு கிடையாது. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னாவையும் சேர்த்தால் வரும் இருட்டே போதும் என்பார். அது வெயிலுக்கேற்பச் சூடாகவும் குளிர்ச்சியாகவும் மாறும். டியூப் கறுப்பு மாறாது.

பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனின் கரை கிழக்கைப் பார்க்கிறது. எதிரே பெருநிலத்தில் பட்டர்வொர்த். அதனால் காலையில் அங்கே வரைபவர் சூரியனைப் பார்த்தே வரையவேண்டும். படகு, கம்பம், மனிதர், ஃபெரி எல்லாம் இருளுருவம். கடல்மட்டும் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாளின் வெள்ளைதான். அதை முன்கூட்டியே விட்டுவைத்தால் உண்டு, மூடிவிட்டால் திரும்பாது. முதல் மூன்று மாதம் நான் போட்ட கடலெல்லாம் சேறாகவே வந்தது. "தண்ணீரை வரையாதே தங்கச்சி, படகை வரை. தண்ணீர் தானாக வந்து நிற்கும்" என்றார். பெயர்ப்பலகைக்காரரின் அறிவு அது. சில பலகைகளில் எழுத்தை எழுதவே மாட்டார்கள். எழுத்தைச் சுற்றியுள்ள பின்னணியை அடித்து, எழுத்தை வெறுமையாக விடுவார்கள். அதே கண்ணோடு கடலைப் பார்த்திருக்கிறார்.

ஈரப்பதம் இன்னொரு ஆசிரியர். அக்டோபர் மாத மழைக்காலத்தில் ஒரு பூச்சுக் காய அரை மணி நேரம் ஆகும். ஈரத்தின்மேல் வைத்த நிறம் பூவாகப் பரவிப் போகும். ஜனவரி வறட்சியில் தூரிகையை எடுப்பதற்குள் ஓரம் காய்ந்து கோடு விழும். அண்ணன் படங்களைப் பார்த்தால் எந்த மாதத்தில் வரைந்தார் என்று ஓரங்களை வைத்தே என்னால் சொல்ல முடியும்.

நாங்கள் இருவர் மட்டும் அல்ல. ஞாயிறு வரைபவர்கள் பலர் உண்டு: ஒரு சீன ஆசிரியர், சுங்கத்துறையில் வேலை பார்த்த மலாய்க்காரர் ஒருவர், எப்போதாவது வரும் மாணவர்கள். வரைந்து முடித்து எல்லோரும் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர் குடித்தபடி தாள்களைத் தரையில் பரப்பிப் பார்ப்போம். யார் படத்தில் எது பிழை என்று மூன்று மொழியில் பேச்சு நடக்கும். எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த ஓவியச் சபை அதுதான்.

இந்தக் கரைக்கு நீண்ட ஓவிய மரபு உண்டு. கேப்டன் ராபர்ட் ஸ்மித் வரைந்த பினாங்குக் காட்சிகளை வில்லியம் டேனியல் அச்சுத் தகட்டில் செதுக்கி 1821இல் வெளியிட்டார். 1896இல் கூச்சிங்கில் பிறந்த யோங் முன் சென் பினாங்கில் குடியேறி, புகைப்பட நிலையம் நடத்திக்கொண்டே தென்னையையும் மீனவரையும் நீர்வண்ணத்தில் வரைந்தார். மலேசிய ஓவியத்தின் தந்தை என்று பலரும் சொல்வது அவரைத்தான். அப்துல்லா அரிஃப் இங்கே ஓவிய ஆசிரியராக இருந்தவர். ஆயர் ஈத்தாமில் அவர் பெயரில் சாலை இருக்கிறது. அவருடைய 1960ஆம் ஆண்டு ஈயச்சுரங்கப் படம் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள்.

சுவா தியன் தெங்கின் பாத்தேக் ஓவியங்களைப் பார்க்க அண்ணனும் நானும் தம்பியும் பஸ் பிடித்து, பத்து ஃபெரிங்கி என்னும் கடற்கரை ஊருக்குப் போனோம். உடுத்தும் துணிக்குரிய பாத்தேக்கை 1950களில் ஓவியத்துக்குக் கொண்டுவந்தவர் அவர். உருகிய மெழுகை எங்கே தடவுகிறோமோ அங்கே சாயம் ஏறாது. வெளிர்நிறத்தில் முதல் முக்கு, அந்த நிறம் நிற்கவேண்டிய இடத்தில் மெழுகு, அடுத்த நிறத்தில் முக்கு என்று வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போகவேண்டும். கடைசியில் வெந்நீரில் மெழுகைக் கரைத்தால்தான் என்ன வரைந்தோம் என்று தெரியும். மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் நரம்பு நரம்பாக இறங்கியிருக்கும். தாயும் குழந்தையுமாக இருந்த ஒரு படத்தின் முன்னால் அண்ணன் வெகுநேரம் நின்றார். "நான் தாளை விடுகிறேன், இவர் மெழுகால் பூட்டிவைக்கிறார்" என்றார். அதற்குப் பிறகு வழியெல்லாம் பேசவில்லை.

கோலாலம்பூருக்கு ஒரே ஒருமுறைதான் சேர்ந்து போனோம், 1987இல். இரவு ஃபெரியில் பட்டர்வொர்த் போய் ரயில் ஏறினோம். தேசியக் கலைக்கூடம் 1958இல் ஜாலான் அம்பாங்கில் தொடங்கியது. நாங்கள் போனபோது ரயில் நிலையத்துக்கு எதிரேயிருந்த பழைய மெஜஸ்டிக் ஹோட்டல் கட்டடத்துக்கு மாறியிருந்தது. விடியற்காலையில் இறங்கி, சாலையைக் கடந்தால் கலைக்கூடம். திறக்கும்வரை படியருகே காத்திருந்தோம். அண்ணன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை ரயிலிலேயே மாற்றிக்கொண்டிருந்தார், கோயிலுக்குப் போகிறவர்போல.

உள்ளே பேட்ரிக் இங் 1958இல் வரைந்த "நிலம், நீர், காற்றின் ஆவி" படத்தைப் பார்த்தோம். முழுத் தளமும் மனித உருவும் செடிகொடியும் பின்னிப் பிணைந்து பாத்தேக் துணிபோல நிரம்பிய படம். அண்ணன் மூக்குப் படும் அளவுக்கு நெருங்கிவிட்டார். காவலாளி தள்ளி நிற்கச் சொன்னார். "ஓரத்தைப் பார்த்தேன். உருவத்தைப் போட்டுப் பின்னணி அடித்தாரா, பின்னணி அடித்து உருவத்தைப் போட்டாரா என்று ஓரம்தானே சொல்லும்" என்று காவலாளிக்கே மலாயில் விளக்கினார். அந்த மனிதரும் கிட்டே வந்து பார்த்தார்.

இனி உங்கள் கேள்வியின் நேர்ப் பகுதிக்கு வருகிறேன். ஓவிய வரலாறு பெரும்பாலும் சங்கங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சீன ஓவியர்களுக்குச் சங்கம் இருந்தது; பின்னால் வணிகரும் குலச் சங்கங்களும் நின்றார்கள். பினாங்கில் ஐரோப்பியர் தங்களுக்கென ஒரு குழு வைத்திருந்தார்கள். கோலாலம்பூரில் பீட்டர் ஹாரிஸ் 1952இல் புதன்கிழமை ஓவியக் குழுவைத் தொடங்கினார். 1956இல் ஹுசைன் எனாஸ் தலைமையில் மலாய் ஓவியர்கள் திரண்டார்கள். சங்கம் இருந்தால் கண்காட்சி, கண்காட்சி இருந்தால் அச்சிட்ட பட்டியல், பட்டியல் இருந்தால் வரலாற்றாசிரியருக்கு ஆதாரம். தோட்டத்திலும் துறைமுகத்திலும் ரயில்வேயிலும் உழைத்த நம் சமூகம் கோயில் கட்டியது, பள்ளி கட்டியது, வாசகசாலை வைத்தது. வரைபவனுக்குச் சங்கம் கட்டும் வசதி வரவில்லை. கோயில் சிற்பத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகளை வரவழைத்தார்கள். உள்ளூரில் வரையத் தெரிந்தவருக்குப் பெயர்ப்பலகை, சினிமாப் பதாகை, காவடி. இவையெல்லாம் கேட்டவருக்காகச் செய்யும் வேலை. கையெழுத்துக்கு அங்கே இடமில்லை.

இந்திய வம்சாவளியினர் பெயர்கள் இல்லாமலும் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையது தாஜுதீன் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் படித்தவர். இராமாயணக் காட்சிகளை நம் சுவரோவிய மரபின் வாசனையோடு வரைந்தார். 1941இல் பினாங்கில் பிறந்த நிர்மலா சண்முகலிங்கம், அமெரிக்க அதிபர் ரீகனையும் பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரையும் 1986இல் நிழற்கூத்துப் பாத்திரங்களாக்கிய துணிச்சல்காரி. சுற்றுச்சூழலையும் போரையும் பற்றி இந்நாட்டில் அவரளவு கோபத்தோடு வரைந்தவர் குறைவு என்பது என் எண்ணம். என்னைவிடச் சற்றே இளையவரான அனுரேந்திரா ஜெகதேவா குடும்பத்தையும் புலம்பெயர்வையும் பெரிய ஓவியங்களாக்கியிருக்கிறார். இவர்களை நன்றாகப் படியுங்கள்.

அண்ணனை அந்தப் பட்டியலில் சேர்க்க ஒரு வாய்ப்பு வந்தது. 1991இல் ஒரு கண்காட்சிக்கு ஓவியங்கள் அழைத்திருந்தார்கள். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொடுத்து நிரப்பச் சொன்னார். "ஓவியக் கல்வி" என்று ஒரு வரி. நான் அதை வெறுமையாக விட்டேன். படங்கள் பிரிக்கப்படாத கட்டாகவே திரும்பி வந்தன; நான் போட்ட முடிச்சே அதில் இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த ஞாயிறும் கரைக்கு வந்தார். அந்த வரியில் நான் எழுதியிருக்கவேண்டும்: பன்னிரண்டு வயதில் தொடங்கிய பட்டறை, நான்கு எழுத்து, தங்கத் தாள், அத்தனை தைப்பூசங்கள். எனக்கு அப்போது தோன்றவில்லை. கல்லூரியில் படித்த நான் அதைக் கல்வி என்று எண்ணவில்லை என்பதுதான் உண்மை. முப்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த வெற்று வரி என் கண்முன் நிற்கிறது.

பிறகு இரண்டு அடி. 1990களில் கணினியில் எழுத்தை வெட்டும் வினைல் வந்தது. அவர் இரண்டு நாளில் எழுதுவதை ஒரு மணி நேரத்தில் ஒட்டிக் கொடுத்தார்கள். போருக்கு முந்திய கட்டடங்களுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு நீங்கியது அடுத்த அடி. பல ஆண்டுகள் குறைந்த வாடகையில் இருந்த கடைவீடுகளில் வாடகை பலமடங்கு ஏறியது. உள்ளூர்த் தெருக்களிலிருந்து தட்டாரும் தச்சரும் பலகைக்காரரும் வெளியேறினார்கள். அண்ணன் பட்டறையும் போயிற்று, அப்பாவின் பூக்கடையும் போயிற்று. அண்ணன் ஆயர் ஈத்தாமில் மாடிக் குடியிருப்புக்குப் போனார். பெயின்ட் புகை குடித்த நுரையீரல் படியேற விடவில்லை. சன்னலிலிருந்து தெரியும் மலையை வரைந்துகொண்டிருந்தார். 2006இல் காலமானார்.

ஜார்ஜ் டவுன் 2008இல் உலக மரபுச் சின்னமானது. 2012இல் லிதுவேனியாவைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸகாரெவிச் ஆர்மீனியன் தெருவில் சைக்கிளில் போகும் இரு குழந்தைகளை வரைந்தார். நல்ல ஓவியம் அது. சுவரின் வயதை மதித்து வரைந்திருக்கிறார். அதன்முன் படமெடுக்க நிற்கும் வரிசையைக் கடக்கும்போதெல்லாம் பக்கத்துத் தெருக்களின் தூண்களைப் பார்ப்பேன். சுண்ணாம்பு அடிப்பவர்கள் பழைய எழுத்துகளையும் சேர்த்தே அடித்துக்கொண்டு போகிறார்கள். ஒரு தூணை அடிப்பதற்கு முன் ஒரு புகைப்படமாவது எடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறேன். சிலர் எடுத்தார்கள்.

அண்ணனின் நாற்பத்து மூன்று தாள்கள் என்னிடம் இருக்கின்றன. மலிவான தாள் என்பதால் பழுத்துவிட்டன; சிலவற்றில் பூஞ்சையின் பழுப்புப் புள்ளி. அமிலமற்ற தாளை இடையில் வைத்து, ஈரம் உறிஞ்சும் மணிப்பொட்டலங்களோடு பெட்டியில் வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விடுகிறேன். நல்ல பருத்தித் தாள் வாங்கிக் கொடுத்தபோது எட்டாகக் கிழித்துப் பயன்படுத்தினார், வீணாகிவிடுமோ என்ற அச்சத்தில். பெரும்பாலான தாள்களில் இரண்டு பக்கமும் வரைந்திருக்கிறார். எந்தப் பக்கத்தைச் சுவருக்குக் கொடுப்பது என்று முடிவுசெய்ய முடியாமல் இதுவரை ஒன்றையும் சட்டமிடவில்லை.

உங்கள் ஆய்வுக்கு இவை பயன்படும் என்றால் வந்து பாருங்கள். கேமராவும் கொண்டு வாருங்கள், மழைக்காலத்தில் வாருங்கள். அப்பாவின் கடை இருந்த இடத்தில் இப்போது வேறு கடை. தூணுக்கு மூன்று முறை சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். ஆனால் சுண்ணாம்பு நனைந்தால் ஒளி ஊடுருவும். சாரல் தூணில் அடித்துக் கால்மணி நேரத்தில் உள்ளிருக்கும் சிவப்பு மெல்ல மேலே வரும். "பூ" சிதைந்துவிட்டது, "மா" பாதிதான் தெரியும். "லை"யின் தும்பிக்கை முழுதாக இருக்கிறது.